துரத்தும்போது மூக்கு எங்கே இருக்க வேண்டும்? சிமுலேட்டர் வான்சண்டைக்கு ஒரு முழு வழிகாட்டி

எதிரிக்குப் பின்னால் ஒன்றரைக் கிலோமீட்டரில் இருக்கிறீர்கள். அவன் உங்களைக் கண்டுவிட்டு இடப்பக்கம் வெட்டித் திரும்புகிறான். புதிதாக விளையாடும் பெரும்பாலானோர் செய்வது ஒன்றுதான்: ஜொய்ஸ்டிக்கை வயிற்றோடு சேர்த்து இழுத்து, மூக்கை நேராக அவன்மேல் கொண்டுபோய் வைப்பார்கள். ஏழெட்டு விநாடியில் அவன் கண்ணாடிக்குக் குறுக்கே பறந்து மறைவான். இன்னும் கொஞ்ச நேரத்தில் உங்கள் வாலுக்குப் பின்னால் இருப்பான். சுடத் தெரியாததால் வந்த தோல்வி அல்ல இது. மூக்கை எந்த நேரத்தில் எங்கே வைப்பது என்று தெரியாததால் வந்தது.

கீழே இருப்பது அந்த ஒரு முடிவைப் பற்றி மட்டும். டி.சி.எஸ்., ஃபால்கன் பி.எம்.எஸ்., ஐ.எல்.-2, வார் தண்டரின் சிமுலேட்டர் முறை என எதை விளையாடினாலும் வடிவக்கணக்கு மாறாது. ஹட்டனிலோ பண்டாரவளையிலோ பழைய கொம்பியூட்டரை வைத்திருப்பவர் புதிய கேமுக்காகக் காத்திருக்கவும் வேண்டாம். இவற்றைப் பழக ஐ.எல்.-2 1946 தாராளமாகப் போதும். அது பழைய மெஷினிலும் ஓடும்.

மூன்று வகைத் துரத்தல்

எதிரி போகும் பாதைக்கு முன்னால் மூக்கை வைத்தால் லீட். அவன்மேலேயே வைத்தால் பியூர். அவனுக்குப் பின்னால், அவன் கடந்துவந்த பாதையில் வைத்தால் லேக்.

மலைப்பாதையில் பஸ்ஸைத் தவறவிட்டவர் தேயிலைக்குள் இறங்கும் குறுக்குப் பாதையால் ஓடி அடுத்த வளைவில் ஏறிக்கொள்வாரே, லீட் அதுதான். தூரம் வேகமாகக் குறையும். ஆனால் பஸ் நிற்கும், விமானம் நிற்காது. குறுக்கே வந்தவர் வந்த வேகத்திலேயே அவன் பாதையைக் கடந்து மறுபக்கம் போய்விடுவார். லீட்டில் நெருக்கம், அதாவது நெருங்கும் வேகம், கூடும்போதே உங்கள் திசைக்கும் அவன் திசைக்கும் இடையிலான கோணமும் கூடும். இரண்டும் சேர்ந்துதான் தாண்டிப்போக வைக்கின்றன.

பியூர் பார்ப்பதற்குப் பாதுகாப்பாகத் தெரியும். உங்கள் வேகம் அவனுடையதைவிடக் கூடுதலாக இருந்தால், நெருங்க நெருங்க மூக்கை அவன்மேல் வைத்திருக்கத் தேவையான ஜி (திருப்பத்தின் விசை, புவியீர்ப்பின் எத்தனை மடங்கு என்ற அளவு) ஏறிக்கொண்டே போகும். ஒரு கட்டத்தில் விமானத்தால் அதைத் தர முடியாது. எனவே பியூரில் சில விநாடிகளுக்கு மேல் தங்கக் கூடாது. வெப்பத்தைத் தேடும் ஏவுகணையைப் பூட்டி விடுவிக்கும் நேரம் மட்டுமே அதற்குரியது.

லேக்கில் நெருக்கம் குறையும், கோணம் அடங்கும். அவனைவிடப் பெரிய வட்டத்தில், அவனைவிடக் கூடிய வேகத்தில், அவன் திரும்பும் அதே வீதத்தில் உங்களாலும் திரும்ப முடியும். சண்டையின் பெரும்பகுதியை லேக்கில்தான் கழிக்க வேண்டும். லீட் என்பது சுடும் நேரத்தில் மட்டும் கொடுக்கும் விலை. அதை முன்கூட்டியே கொடுப்பவர்கள்தான் தோற்கிறார்கள்.

துரத்தப்படுபவர் நீங்களானால் இதைத் திருப்பிப் படிக்கலாம். தலையைத் திருப்பிப் பின்னால் பாருங்கள். துரத்துபவனின் வயிற்றுப்பக்கம் தெரிந்தால் அவன் லீட்டில் இருக்கிறான், பீரங்கி வரப்போகிறது. மூக்கு மட்டும் தெரிந்தால் பியூர், ஏவுகணையை எதிர்பாருங்கள். முதுகும் கொக்பிட்டும் தெரிந்தால் லேக், அவன் பொறுமையானவன். மூன்றில் மிகவும் ஆபத்தானவன் இந்தக் கடைசி ஆள்தான்.

கண்ணால் படிக்க வேண்டியவை

தூரம், கோணம், நெருங்கும் வேகம். இந்த மூன்றும் தெரியாமல் எடுக்கும் முடிவு குருட்டு முடிவு.

எப்-16 போன்ற விமானத்தில் ரேடார் பூட்டியிருந்தால் தூரமும் நெருங்கும் வேகமும் எண்ணாகவே வரும். பழைய விமானங்களில் பார்வைக்குறியின் வளையத்தோடு எதிரியின் இறக்கை அகலத்தை ஒப்பிட வேண்டும். அதற்கு ஒரு நிபந்தனை உண்டு: ஸூமை எப்போதும் ஒரே அளவில் வைத்துப் பார்க்க வேண்டும். ஸூமை மாற்றிக்கொண்டே இருந்தால் 400 மீட்டரும் 900 மீட்டரும் ஒன்றாகத்தான் தெரியும். அடையாளம் காண ஒரு ஸூம், சண்டையிட ஒரு ஸூம் என்று இரண்டை மட்டும் பட்டன்களில் வைத்துக்கொள்ளுங்கள்.

கோணத்துக்கு அவன் உடலைப் பாருங்கள். வால்குழாயும் இரு இறக்கைகளும் சமமாகத் தெரிந்தால் நீங்கள் நேர் பின்னால். உடலின் நீளம் முழுதாகத் தெரிந்தால் 90 பாகைக்கு அருகில். இரண்டுக்கும் நடுவே 30, 45, 60 ஆகியவற்றைக் கண் பழக வேண்டும். ரீப்ளேயை நிறுத்தி வைத்துப் பழகுவதே விரைவான வழி.

நெருங்கும் வேகத்தை எண்ணாக மட்டும் வைக்காமல் விநாடியாக மாற்றிக்கொள்ளுங்கள். 100 நொட் நெருக்கம் என்றால் விநாடிக்கு 51 மீட்டர். 600 மீட்டர் இடைவெளி 12 விநாடியில் தீர்ந்துவிடும். 200 நொட் என்றால் ஆறே விநாடி. ஆறு விநாடியில் ஒரு முடிவை எடுத்து, அதைச் செய்தும் முடிக்க வேண்டும்.

திருப்பத்தின் கணக்கு

திருப்ப ஆரை, வேகத்தின் வர்க்கத்தோடு கூடும். ஜி-யோடு குறையும். மட்டமான திருப்பத்தில் 6 ஜி இழுக்கும்போது உண்மை வேகம் 300 நொட் என்றால் ஆரை சுமார் 410 மீட்டர், விநாடிக்கு 21.5 பாகை. 400 நொட்டில் 730 மீட்டர், 16 பாகை. 500 நொட்டில் 1140 மீட்டர், 13 பாகைக்குச் சற்றுக் குறைவு. இரண்டு பேரும் ஒரே ஜி இழுத்தாலும், வேகம் கூடியவர் அகலமாகவும் மெதுவாகவும் திரும்புவார். வேகமாக வந்து சேர்ந்தவர் எதிரியின் வட்டத்துக்கு வெளியே வழுக்கிப் போவதற்குக் காரணம் இதுதான்.

அதற்காக வேகத்தைக் கண்டபடி குறைக்கவும் முடியாது. குறிப்பிட்ட வேகத்துக்குக் கீழே இறக்கையால் அந்த ஜி-யைத் தர முடியாது. உச்ச ஜி-யை இழுக்கக்கூடிய மிகக் குறைந்த வேகத்தை கோர்னர் வேகம் என்பார்கள். உங்கள் விமானத்துக்கு அதை நீங்களே அளந்துகொள்ளலாம்:

1. சண்டைக்குரிய எரிபொருள், ஆயுத எடையோடு மட்டமாகப் பறந்து, த்ரொட்டிலை (இன்ஜின் விசைப்பிடியை) மெல்லக் குறைத்துக்கொண்டே வாருங்கள். விமானம் உயரத்தை இழக்கத் தொடங்கும் வேகத்தைக் குறியுங்கள். ஃப்ளாப்ஸ் (இறக்கையின் பின்விளிம்பு மடிப்புகள்) மேலே இருக்கட்டும்.
2. அதை ஜி எல்லையின் வர்க்கமூலத்தால் பெருக்குங்கள். 6 ஜி என்றால் 2.45, 7 ஜி என்றால் 2.65.
3. 110 நொட்டில் சரியும் விமானம் 6 ஜி-க்கு ஏறத்தாழ 270 நொட் கேட்கும். 130 நொட்டில் சரிவது 7 ஜி-க்கு ஏறத்தாழ 345. வேகமானியில் அந்த இடத்தை மனத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

வேக ஜெட்களில் இந்தக் கணக்கு ஓர் உத்தேசம்தான். ஆனாலும் சண்டையைத் தொடங்கப் போதும்.

உயரம் இந்தக் கணக்கில் ஓசைப்படாமல் கைவைக்கும். வேகமானி காட்டுவது காற்றழுத்த வேகம். ஆரையைத் தீர்மானிப்பது உண்மை வேகம். நுவரெலியா நகரத்தின் உயரமான சுமார் 1868 மீட்டரில், சாதாரண வளிமண்டலக் கணக்குப்படி, உண்மை வேகம் மானி காட்டுவதைவிட ஏறத்தாழ 10 சதவீதம் கூடுதல். அதே மானி வேகம், அதே ஜி என்றாலும் வட்டம் கடல்மட்டத்தைவிட 20 சதவீதம் அகலம். 5000 மீட்டரில் அது 66 சதவீதம் அகன்றுவிடும். தாழ்வாகப் பழகியவர் உயரத்தில் சண்டைக்குப் போய் "இன்றைக்கு விமானம் திரும்பவே இல்லை" என்று புலம்புவது இதனால்தான்.

அவனுடைய வட்டத்துக்குள் நுழைதல்

முதல் காட்சிக்கு வருவோம். ஒன்றரைக் கிலோமீட்டர் பின்னால் நீங்கள், அவன் 730 மீட்டர் ஆரையில் திரும்புகிறான். நீங்கள் அவனது வட்டத்துக்கு வெளியே இருக்கிறீர்கள். அவன் திரும்பிய கணமே நீங்களும் திரும்பினால், உங்கள் வட்டம் வெற்றிடத்தில் விழும். அவன் சுற்றி வந்து உங்களை ஏறத்தாழ எதிர்முகமாகச் சந்திப்பான். கையிலிருந்த பின்பக்க அனுகூலம் ஒரே இழுப்பில் போய்விடும்.

செய்ய வேண்டியது, அவன் திருப்பத்தைத் தொடங்கிய இடத்தை நோக்கி நேராகப் போவது. அந்த இடத்தை எப்படி நினைவில் வைப்பது? அவன் ஃப்ளேர் (ஏவுகணையை ஏமாற்றும் எரிசுடர்) போட்டிருந்தால் அதன் புகையே அடையாளம். இல்லாவிட்டால் பின்னணியில் ஒரு மேகத்தையோ மலை முகட்டையோ பிடித்துக்கொள்ளுங்கள். 400 நொட்டில் அங்கே போய்ச்சேர ஏழு விநாடி ஆகும். அதற்குள் அவன் 100 பாகைக்கு மேல் திரும்பியிருப்பான். பார்க்க நடுக்கமாக இருக்கும், இழுக்காதீர்கள். அந்த ஏழு விநாடியும் அவன் கடும் ஜி-யில் வேகத்தை எரித்துக்கொண்டிருக்கிறான். நீங்கள் எரிக்கவில்லை.

உள்ளே நுழைந்துவிட்டதற்கான அடையாளத்தைக் கண்ணே சொல்லும். வெளியே இருக்கும்வரை எதிரி கண்ணாடியில் மெதுவாக நகர்வான். வட்டத்தைத் தொட்டதும் அந்த நகர்வு சட்டென்று வேகமாகும், பின்பக்கமாக ஓடத் தொடங்குவான். அந்த மாற்றமே இழுக்கும் நேரம். கோர்னர் வேகத்துக்குச் சற்று மேலே இருக்குமாறு வந்து, முழுத் த்ரொட்டிலோடு, விமானம் தரும் நல்ல இழுப்பை இழுங்கள். முன்கூட்டி இழுத்தால் எதிர்முகச் சந்திப்பு, பிந்தி இழுத்தால் வட்டத்துக்கு வெளியே தூக்கியெறியப்படுவீர்கள். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தே ஆக வேண்டுமானால் அரை விநாடி பிந்துவது மேல். தூரம் கூடும், ஆனாலும் அவன் பின்னால்தான் இருப்பீர்கள்.

எந்த நேரத்தில் எது

வட்டத்துக்குள் வந்தபிறகு கேள்வி ஒன்றே: தூரமும் கோணமும் நெருக்கமும் இப்போது எந்த நிலையில்? கீழே வரும் அளவுகள் ஜெட் விமானங்களுக்கான உத்தேசங்கள். இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமானங்களுக்குத் தூரங்களை மூன்றிலொன்றாகவும் நெருக்கத்தைப் பாதியாகவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

தூரம் 600 மீட்டருக்கும் ஒன்றரைக் கிலோமீட்டருக்கும் இடையில், கோணம் 45 பாகைக்கு மேல், நெருக்கம் 100 நொட்டுக்கு மேல் என்றால் இப்படியே போனால் தாண்டிவிடுவீர்கள். மேல் யோ-யோ செய்ய வேண்டும், அதாவது அவன் தளத்துக்கு மேலே ஏறி, மறுபடி அவன் பின்னால் இறங்க வேண்டும். வேகத்தை எரிக்காமல் உயரமாக மாற்றிச் சேமித்து வைக்கிறீர்கள். காற்றின் இழுவையைக் கணக்கில் எடுக்காவிட்டால், 400 நொட்டிலிருந்து 350-க்கு இறங்குவது 500 மீட்டர் உயரமாக மாறும். அந்த உயரம் பிறகு திரும்பி வரும். த்ரொட்டிலை மூடியோ ஏர்பிரேக் திறந்தோ இழந்த வேகம் திரும்பி வராது.

எதிரி இடப்பக்கம் திரும்புகிறான் என்று வைத்துக்கொண்டு:

1. இழுப்பை அரை விநாடி தளர்த்துங்கள். முன்னே தள்ள வேண்டாம்.
2. வலப்பக்கமாக 30 முதல் 45 பாகை ரோல் செய்து சாய்வைக் குறையுங்கள். உங்கள் தலைக்கு மேலுள்ள திசை, அவனுக்கு மேலும் பின்னும் உள்ள வெற்றிடத்தைக் காட்ட வேண்டும்.
3. 4 அல்லது 5 ஜி இழுங்கள். மூக்கு அடிவானத்துக்கு மேல் 20 முதல் 30 பாகை. த்ரொட்டில் முழுதாகவே இருக்கட்டும்.
4. இடப்பக்கக் கண்ணாடி வழியாக அவனைப் பார்த்துக்கொண்டே இருங்கள். இடைவெளி குறைவது நின்ற கணம் இடப்பக்கம் ரோல் செய்து, தலையை அவன் வாலுக்குப் பின்னால் காட்டி, இழுத்து இறங்குங்கள்.
5. இறங்கிச் சேர வேண்டிய இடம் லேக். லீட் அல்ல.

உச்சியில் தலைகீழாக இழுக்கும்போது பூமியும் உங்களுக்காக இழுக்கிறது. மானி 4 ஜி காட்டினாலும் திருப்பத்துக்கு 5 ஜி-யின் பலன் கிடைக்கும். மேல்நோக்கி ஏறும்போது இதற்கு எதிர்மாறு. ஆகையால் ஏற்றத்தில் அதிகம் இழுத்துச் சக்தியைக் கொட்டாமல், இறக்கத்துக்கு மிச்சம் வையுங்கள்.

இந்த யோ-யோவைக் கெடுப்பவை நான்கு. பிந்தித் தொடங்குவது முதலாவது. 600 மீட்டருக்குள் வந்தபின் தொடங்குவது யோ-யோ அல்ல, தப்பி ஓடும் ஏற்றம். இரண்டாவது, இறக்கைகளை முழுதாக மட்டமாக்கிவிடுவது. அப்போது எதிரி உங்கள் வயிற்றுக்கடியில் மறைவான். காணாமல்போனவனை மறுபடி தேடுவதற்குள் சண்டை மாறிவிடும். மூன்றாவது, மூக்கை 50, 60 பாகைக்குத் தூக்கி உச்சியில் தொங்குவது. அந்த நேரத்தில் அவன் மூக்கை உங்கள் பக்கம் திருப்பிக்கொள்வான். நான்காவதே அதிகம் நடப்பது: எல்லாம் சரியாகச் செய்துவிட்டு, இறங்கும்போது ஆசையில் லீட்டில் இறங்குவது. முதலில் இருந்த அதே சிக்கல், இந்தமுறை உயரம் குறைந்து திரும்ப வரும். ஒரு பெரிய யோ-யோவைவிடச் சிறிய இரண்டு எப்போதும் நல்லது.

தூரம் 600 மீட்டருக்குள் வந்துவிட்டது, கோணம் 30 முதல் 60, நெருக்கம் இன்னும் 100 நொட்டுக்கு மேல் என்றால் மேல் யோ-யோவுக்கு இடம் இல்லை. லேக் ரோல்தான் வழி. இறக்கைகளை மட்டமாக்கி, மூக்கை 30 பாகை வரை தூக்கி, அவன் திரும்பும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக ரோல் செய்யுங்கள். அவன் இடம் என்றால் நீங்கள் வலம். இழுப்பைக் கையில் வைத்தபடியே ஏறத்தாழ 270 பாகை ரோல் முடியும்போது, தலைக்கு மேலே அவன் தெரிவான். அவனது திருப்பத்துக்கு வெளிப்பக்கம், பின்னால் வந்து சேர்ந்திருப்பீர்கள். கை எதிர்ப்பக்கம் போக மறுக்கும்; கண் பார்க்கும் பக்கம் ரோல் செய்ய எல்லாருக்கும் தோன்றும். அதனால் இதைத் தனியாகப் பழக வேண்டும். கோர்னர் வேகத்துக்குக் கீழே இதைத் தொடங்கினால் உச்சியில் விமானம் சரிந்து விழும்.

மூன்றாவது நிலை அலுப்பானது. லேக்கில் அழகாக உட்கார்ந்திருக்கிறீர்கள், தூரம் ஒரு கிலோமீட்டர், கோணம் 40, எதுவும் மாறவில்லை. இருவரும் சுற்றிக்கொண்டே இருக்கிறீர்கள். இங்கே கீழ் யோ-யோ. அவனைவிடச் சற்றுக் கூடுதலாகச் சாய்ந்து, மூக்கை அடிவானத்துக்குக் கீழே 10 முதல் 15 பாகை இறக்கி, அவன் வட்டத்தின் உட்புறமாக வெட்டுங்கள். 3 அல்லது 4 ஜி-க்கு மேல் இழுக்காமல் 20, 30 நொட் சேரவிட்டு, பிறகு சாய்வைக் குறைத்து அவனை நோக்கி மேலே இழுங்கள். தூரம் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் குறையும். ஆழமாக இறங்கினால் கோணமும் நெருக்கமும் பெருகி, உடனே மேல் யோ-யோ கேட்கும். அதில் தவறில்லை, ஆனால் இரண்டையும் மாறிமாறிப் பெரிதாகச் செய்பவர் சக்தியை வீணாக்குகிறார்.

கீழ் யோ-யோவுக்கு நிலம் ஓர் எல்லை. மலைகளுக்கு மேல் சண்டையிடும்போது ஆல்டிமீட்டரை நம்பாதீர்கள். அது கடல்மட்டத்திலிருந்து அளக்கிறது. நுவரெலியா நகருக்கு மேல் 2000 மீட்டர் காட்டினால் காலுக்கடியில் மிஞ்சுவது 130 மீட்டர்தான், பக்கத்தில் பிதுருதலாகலை 2524 மீட்டரில் உங்களைவிட உயரமாக நிற்கும். சிமுலேட்டரின் மலைப்பிரதேச மெப்களிலும் கதை இதுவே. ரேடார் ஆல்டிமீட்டர் இருந்தால் 300 மீட்டரில் எச்சரிக்கை வையுங்கள். ஆனால் கடுமையாகச் சாய்ந்திருக்கும்போது பல விமானங்களில் அது வாசிப்பதை நிறுத்திவிடும் என்பதையும் மறக்காதீர்கள்.

எல்லாம் பிந்திவிட்டது, தாண்டப்போகிறீர்கள் என்று தெரிந்துவிட்டால்? அவன் பாதையைப் பின்னால் கடப்பது வேறு, அவனுடைய இறக்கைக் கோட்டைத் தாண்டி முன்னால் போவது வேறு. 800 மீட்டர் பின்னால் கடந்தால் பெரிய நட்டமில்லை. அதைப் பார்த்து அவன் மறுபக்கம் புரண்டால் உங்கள் கோணத்தை அவனே குறைத்துத் தருகிறான். 200 மீட்டரில் வேகமாகக் கடந்தால் நிலைமை மோசம். அவன் புரண்டதும் இருவரும் கத்தரி போல் குறுக்கும் மறுக்கும் போகத் தொடங்குவீர்கள், அதில் மெதுவாகப் பறக்கத் தெரிந்தவனுக்கே வெற்றி. அப்போது தலையை அவன் திருப்பத் தளத்துக்குச் செங்குத்தாக மேலே காட்டி, முழு இழுப்பு இழுத்து, த்ரொட்டிலை மூடுங்கள். த்ரொட்டிலை மூடச் சொல்லும் இடம் இந்த வழிகாட்டியில் இது ஒன்றே. முன்னால் போகாமல் நின்றுவிட்டீர்களானால் உடனே முழுதாகத் திறக்க வேண்டும்.

சுடுவதற்கான லீட்

தூரம் 600 மீட்டருக்குள், கோணம் 30-க்குள், நெருக்கம் 50 நொட்டுக்குள். இந்த மூன்றும் ஒன்றாகக் கிடைத்தபின் லீட்டுக்குப் போங்கள். பீரங்கிக் குண்டு 600 மீட்டரைக் கடக்க ஏறத்தாழ 0.6 விநாடி எடுக்கும். அதற்குள் 400 நொட்டில் பறப்பவன் 120 மீட்டருக்கு மேல் நகர்ந்திருப்பான். 300 மீட்டரில் அது பாதி. எனவே எதிரியின் திருப்பத் தளத்தில் உங்களையும் வைத்து, அவனுக்கு முன்னால் மூக்கைக் கொண்டுபோய், இழுப்பைச் சற்றுத் தளர்த்தி அவனைக் குறிக்குள் பறந்து வரவிடுவது, குறியை அவன்மேல் துரத்திக்கொண்டு போவதைவிட நல்லது. தளம் பிசகியிருந்தால் எவ்வளவு லீட் எடுத்தாலும் குண்டுகள் மேலேயோ கீழேயோ போகும்.

எப்-16-இல் சுமார் 510 குண்டுகள், நிமிடத்துக்கு 6000 வீதம். அதாவது மொத்தமே ஐந்து விநாடி. விசையை ஒரு விநாடிக்கு மேல் அழுத்தாதீர்கள். ஒரு விநாடியில் படவில்லை என்றால் இரண்டாவது விநாடியிலும் படாது. கோணம் கூடி, அவன் மூக்குக்கடியில் மறைந்துகொண்டிருப்பான். உடனே லேக்குக்குத் திரும்புங்கள். நல்ல வீரரையும் ஆவேசக்காரரையும் பிரித்துக் காட்டுவது இந்தத் திரும்புதல்தான்.

விமானத்துக்கு விமானம்

மேலே சொன்னவை ஏறத்தாழச் சமமான இரு விமானங்களுக்கு. எதிரி உங்களைவிடச் சிறிய வட்டம் போடக்கூடியவன் என்றால் லேக்கும் மேல் யோ-யோவும் மட்டுமே உங்களுடையவை. அவனோடு ஒரே தளத்தில் சுற்றவே கூடாது. 1942 ஏப்ரல் 5 அன்று கொழும்புக்கு மேல் பிரித்தானிய ஹரிகேன்கள் ஜப்பானின் ஸீரோக்களைச் சந்தித்த சண்டை இதற்கு நம் நாட்டு உதாரணம். எச்சரிக்கை கிடைக்காமல் ரத்மலானையிலிருந்து எழும்பியவர்களுக்கு வேகமும் இல்லை, உயரமும் இல்லை. அந்த நிலையில் குறைந்த வேகத்தில் மிக இறுக்கமாகத் திரும்பும் விமானத்தோடு போராட நேர்ந்தது, இழப்பும் பெரிது. ஐ.எல்.-2 1946-இன் விரைவு மிஷனில் ஹரிகேனையும் ஸீரோவான ஏ6எம்2-வையும் ஒரே உயரத்தில் வைத்து ஒருமுறை, ஹரிகேனுக்கு 1500 மீட்டர் கூடுதலாகக் கொடுத்து ஒருமுறை பறந்து பாருங்கள். முதலாவதில் யோ-யோவுக்குத் தேவையான சக்தியே கையில் இராது. இரண்டாவதில் ஸீரோ எவ்வளவு திரும்பினாலும் முடிவெடுப்பவர் நீங்கள்.

வீட்டு ஏற்பாடும் பயிற்சியும்

விலை குறைந்த ஜொய்ஸ்டிக்குகள் பலவற்றில் அசைவை அளப்பது பொட்டென்ஷியோமீட்டர் என்ற உராயும் மின்தடை. மூடுபனி மாதங்களில் ஈரம் ஏறி, தூசும் சேர்ந்தால் அவை துடிக்கும். நீங்கள் அசைக்காமலே மூக்கு ஆடும். விளையாடும் முன் எல்லா அச்சையும் எல்லைவரை இருபது தடவை சுழற்றுங்கள். போதாவிட்டால் திறந்து எலெக்ட்ரோனிக் கொன்டாக்ட் கிளீனர் ஒரு சிறு தெளிப்பு, டபிள்யூ.டி.-40 சாதாரண வகை வேண்டாம், அது எண்ணெய்ப் படலத்தை விட்டுப்போகும். டெட்ஸோனை (நடுவில் அசைவைக் கேம் கவனிக்காத இடைவெளியை) 3 சதவீதத்தில் தொடங்கி, தேவைப்பட்டால் மட்டும் கூட்டுங்கள். வைக்கும் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பைகள் இரண்டு போடுங்கள். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் இடி வரும் நாட்களில் மின் பிளக்கோடு ரவுட்டரின் வயரையும் கழற்றுங்கள்.

தலையைத் திருப்பிப் பார்க்க முடியாமல் துரத்தல் இல்லை. தலையசைவைக் கேமுக்குத் தரும் ஓபன்ட்ராக் மென்பொருள் இலவசம், சாதாரண வெப்கேமுடனும் வேலை செய்யும். முகத்தில் விளக்கு வெளிச்சம் விழ வேண்டும், முதுகுக்குப் பின்னால் ஜன்னல் இருக்கக் கூடாது.

ஒன்லைனில் பிங் (சேர்வருக்குத் தகவல் போய்வரும் நேரம்) 200 மில்லிவிநாடி என்றால், 400 நொட்டில் அந்த நேரத்துக்குள் எதிரி 41 மீட்டர் போய்விடுகிறான். கேம் அவன் இருக்கும் இடத்தை ஊகித்து வரைகிறது. அவன் சட்டென்று புரளும்போது ஊகம் பிழைக்கும், விமானம் துள்ளுவதுபோல் தெரியும். அந்தத் துள்ளலைத் துரத்தி ஜொய்ஸ்டிக்கை ஆட்டாதீர்கள். தூரச் சேர்வர்களில் லேக்கில் 100 மீட்டர் கூடுதலாக விட்டுப் பறப்பதும், அவன் சீராகத் திரும்பும்போது மட்டும் சுடுவதும் உதவும்.

பயிற்சியை இந்த வரிசையில் செய்யுங்கள். முதலில் பீரங்கியை நிறுத்திவிட்டு, நண்பர் ஒருவரை 3 ஜி-யில் மட்டமாகச் சுற்றச் சொல்லி, ஒரு கிலோமீட்டர் லேக்கில் மூன்று நிமிடம் மாறாமல் இருங்கள். இது சலிப்பூட்டும், இது கைவராமல் அடுத்ததுக்குப் போவதில் பயனில்லை. பிறகு வேண்டுமென்றே 100 நொட் கூடுதலாக நுழைந்து மேல் யோ-யோ மட்டும். அதன்பின் லேக் ரோல், இரு பக்கமும். அதன்பின் நண்பர் முழுச் சக்தியோடு திரும்பட்டும், நீங்கள் ஒன்றரைக் கிலோமீட்டரிலிருந்து வட்டத்துக்குள் நுழையுங்கள். பீரங்கி கடைசியில்.

ஒவ்வொரு பறப்பையும், உங்கள் கேமுக்கு வேலை செய்தால், பறப்பைப் பதிந்து காட்டும் டக்வியூ மென்பொருளில், இல்லாவிட்டால் கேமின் ரீப்ளேயில் பதிந்து, நேர் மேலிருந்து பாருங்கள். அவன் திரும்பத் தொடங்கிய இடத்தில் ஒரு குறி, நீங்கள் இழுக்கத் தொடங்கிய இடத்தில் ஒரு குறி. இரண்டும் ஏறத்தாழ ஒன்றாக இருந்தால் நுழைவு சரி. உங்கள் குறி பின்தங்கியிருந்தால் அவசரப்பட்டிருக்கிறீர்கள். பிறகு பக்கவாட்டில் திருப்பி, யோ-யோவின் உச்சியில் உங்கள் வேகத்தைப் பாருங்கள். அது கோர்னர் வேகத்திலிருந்து 50 நொட்டுக்கு மேல் விழுந்திருந்தால், அடுத்த தடவை மூக்கை 10 பாகை குறைவாகத் தூக்கிப் பாருங்கள்.